பழைய ஜீப்பும் புதிய கைத்தொழிலும்



தோட்டத்துப் பட்டறைக்குப் பின்னால், செம்பனை மரத்தடியில், புல் மூடிக் கிடக்கும் பழைய ஜீப் வண்டியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இயந்திரம் நன்றாகவே இருக்கும். கூரையின் ஓரம் துருவேறியிருக்கும். பின் இருக்கைகள் கிழிந்திருக்கும். “இதன் பின்பாதிக் கூரையை அறுத்தெடுத்து, சாமான் ஏற்றும் பிக்கப் வண்டியாக மாற்றினால் என்ன?” என்று கைவேலையில் ஆர்வமுள்ள இளைஞருக்குத் தோன்றுவது இயல்பு. அதோடு இன்னோர் எண்ணமும் சேர்ந்தே வரும்: “அந்தச் சாக்கில் வெல்டிங் வேலையையும் கற்றுக்கொள்ளலாமே!”

இரண்டும் நல்ல எண்ணங்களே. தோட்ட வேலையை மட்டும் நம்பி வாழ்ந்த காலம் போய்விட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, கையில் ஒரு தொழில் இருந்தவர்கள் விரைவாக எழுந்து நின்றார்கள். ஆகவே பிள்ளைகள் இரும்பையும் நெருப்பையும் பழகுவதை நாம் வரவேற்க வேண்டும். ஆனால் ஓடும் வண்டி என்பது பூந்தொட்டி வைக்கும் பலகை அன்று. அதில் நாலு பேருடைய உயிர் இருக்கிறது; எதிரே வருபவர் உயிரும் இருக்கிறது. எந்தப் பாகத்தைப் புதிதாகக் கற்பவர் தொடலாம், எந்தப் பாகத்தைத் தொடக்கூடாது என்று பிரித்தறிவதே இந்த வேலையின் முதல் பாடம். இன்றைய உரையில் அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

எது தாங்குகிறது?

வண்டியைக் குனிந்து அடியில் பாருங்கள். முன்னிருந்து பின்வரை இரண்டு கனமான இரும்பு உத்தரங்கள் ஓடும். அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். பார்ப்பதற்கு ஏணியைப் படுக்க வைத்ததுபோல் இருக்கும். இதைத்தான் சேசி என்கிறோம். இயந்திரம், சக்கரங்கள், வில் தகடுகள் யாவும் இதில்தான் பொருத்தப்பட்டிருக்கும். மேலே இருக்கும் கூடு, ரப்பர் வைத்த போல்ட்டுகளால் இந்த ஏணியின் மீது உட்கார்ந்திருக்கும். இத்தகைய வண்டியில் சுமையைத் தாங்குவது ஏணி. கூடு பெரும்பாலும் மூடுவதற்காகவே இருக்கிறது.

1948இல் வெளிவந்த லேண்ட் ரோவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புத் தகடு கிடைப்பது அரிதாக இருந்தது. அதனால் கூட்டின் பெரும்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசியை மட்டும் எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து பெட்டிபோல் அமைத்தார்கள். அந்த வண்டிகளில் கூரையும் பக்கச் சுவர்களும் போல்ட்டில் நிற்பவை, கழற்றி எடுக்கலாம். குட்டை வண்டியாக இருந்தால், பெரும்பாலும் அறுக்காமலேயே பிக்கப் ஆக்கிவிடலாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அலுமினியத்தையும் எஃகையும் சாதாரண வெல்டிங் கம்பியால் ஒட்ட முடியாது. ஆகவே காந்தத்தை வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். காந்தம் ஒட்டாத இடத்தில் நமது வெல்டிங் கம்பிக்கு வேலையில்லை.

எல்லா ஜீப்பும் இப்படியல்ல. நம் நாட்டில் நன்கு அறிமுகமான பஜேரோவையே பாருங்கள். 1982இல் வந்த முதல் தலைமுறை வண்டியிலும் அதையடுத்த இரண்டாம் தலைமுறையிலும் கூடு வேறு, சேசி வேறு. 1999இல் வந்த மூன்றாம் தலைமுறையில் சேசி கூட்டோடு ஒன்றாக்கப்பட்டுவிட்டது. பெயர் ஒன்றே, உடல் வேறு. கூடும் சட்டமும் ஒன்றான வண்டியில் கூரையும் தூண்களும்கூடச் சுமையைப் பகிர்ந்து தாங்குகின்றன. அத்தகைய வண்டியை அறுத்தால் நடுவில் தொய்ந்துபோகும். ஏணிச் சேசி இல்லாத வண்டியை வீட்டு வாசலில் வைத்து அறுக்க நினைக்கவே வேண்டாம்.

அறுப்பதற்கு முன் கேட்க வேண்டியது

நேயர்களே, பதறாத காரியம் சிதறாது. ரம்பத்தைத் தொடுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு, அதாவது ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குப் போக வேண்டும். சாலையில் ஓடும் வண்டியின் கட்டமைப்பை நம் விருப்பம்போல் மாற்றச் சட்டம் இடம்தராது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இவற்றை ஒழுங்குபடுத்துகிறது. முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வேலை முடிந்தபின் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். பதிவு ஆவணத்திலும் வண்டியின் வகை திருத்தப்பட வேண்டும். சில வண்டிகளுக்கு அனுமதி கிடைக்காமலும் போகலாம். அறுத்தபின் கேட்டு “முடியாது” என்ற பதில் வந்தால், கையில் மிஞ்சுவது பழைய இரும்புதான். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விபத்து நேர்ந்தபின், ஆவணத்தில் ஜீப் என்றும் சாலையில் பிக்கப் என்றும் இருந்தால் இழப்பீடு பெறுவது பெரும்பாடு.

வெல்டிங் என்பது என்ன?

இனி நெருப்புக்கு வருவோம். பசை தடவி ஒட்டுவதுபோல் வெல்டிங் செய்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கம்பியின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே மின்சாரம் பாய்ந்து ஒரு சுடர் உண்டாகிறது. எஃகு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசில் உருகும். அந்தச் சுடரின் வெப்பமோ பல ஆயிரம் பாகை. இரண்டு இரும்புகளின் ஓரமும் கம்பியும் சேர்ந்து உருகி, ஒரு சிறு குளமாகி, ஆறும்போது ஒரே இரும்பாகிவிடுகின்றன. கம்பியின் மேற்பூச்சு எரிந்து புகையாகி, அந்தக் குளத்தைக் காற்றுப் படாமல் காக்கிறது. பிறகு கசடாக மேலே படிகிறது. கசடைத் தட்டி எடுத்தால் உள்ளே வரி தெரியும்.

கடையில் பரவலாகக் கிடைக்கும் கம்பியின்மேல் இ 6013 என்று அச்சிட்டிருக்கும். 60 என்பது, அது உருவாக்கும் இரும்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். அடுத்த 1, எந்த நிலையிலும் வைத்து வேலை செய்யலாம் என்பதற்கு அடையாளம். கடைசி எண் பூச்சின் வகையைச் சொல்கிறது. 2.6 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 60 முதல் 90 ஆம்பியர் வரையிலும், 3.2 மில்லிமீட்டர் கம்பிக்கு 90 முதல் 130 ஆம்பியர் வரையிலும் மின்சாரம் வைப்பது வழக்கம். சரியான அளவு கம்பிப் பெட்டியின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

மின்சாரம் குறைந்தால் கம்பி ஒட்டிக்கொள்ளும். வரி மேலே குவிந்து நிற்கும், உள்ளே இறங்காது. கூடினால் ஓரம் அரிக்கப்பட்டுப் பள்ளம் விழும். கம்பியின் பருமன் எவ்வளவோ, நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளியும் அவ்வளவே இருக்க வேண்டும். சுவடு மாறாமல், வேகம் மாறாமல், கை நகர வேண்டும். இதைப் புத்தகம் சொல்லிக் கொடுக்காது. நூறு கம்பிகள் எரிந்தபின் கைக்கே தெரியவரும்.

பழகும் படிகள்

நாங்கள் நன்கறிந்த ஒரு தோட்டத்தில், பட்டறையில் பிட்டராக இருந்த ஒருவரிடம் அவருடைய மருமகன் தொழில் கற்க வந்தான். ஐந்தாம் படிவம் முடித்த பையன். வாங்கி வைத்திருந்த பழைய ஜீப்பைக் காட்டி, “மாமா, மேலே இருப்பது வெறும் தகரம்தானே? அரை மணி நேரத்தில் அறுத்துவிடலாமே!” என்றான். மாமா சிரித்தார். “தம்பி, முதலில் கதவுகளைத் திறந்து மூடிப் பார். அறுத்த பிறகும் இதேபோல மூட வேண்டும். அதற்கு வழி சொல், அப்புறம் அறுக்கலாம்” என்றார். பையனுக்கு வழி தெரியவில்லை. அன்றே அவன் கையில் இரண்டு பழைய இரும்புத் துண்டுகளைக் கொடுத்து, பயிற்சியைத் தொடங்கிவைத்தார்.

அவர் வைத்த படிகள் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் பொருந்தும். முதல் வாரம், தட்டையான துண்டின்மேல் நேர்கோடாக வரி போடுவது மட்டும். அடுத்து, இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தி மூலையில் ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் செய்து, அதைப் பிடிகருவியில் இறுக்கிச் சுத்தியலால் மடக்கிப் பார்ப்பது. இந்தச் சோதனை பொய் சொல்லாது. வெல்டிங் வரி சுத்தமாகப் பெயர்ந்து, அடியில் பழைய இரும்பு வழவழப்பாகத் தெரிந்தால், நெருப்பு உள்ளே இறங்கவில்லை என்று பொருள். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஒட்டு பயனற்றது. இரும்பே வளைந்து, ஒட்டு நின்றால், பயிற்சி பலித்தது.

மூன்றாவது படியாக, உடைந்தாலும் ஆளுக்குத் தீங்கு வராத பொருள்களைச் செய்வது: பூந்தொட்டிப் பலகை, செருப்பு வைக்கும் தட்டு, கோழிக்கூண்டின் சட்டம். அவற்றில் கை திருந்தியபின் நான்காவது படி: கேட், நீர்த்தொட்டி வைக்கும் மேடை. ஆறு மாதம் கழிந்த பிறகே பையனுக்கு ஜீப்பில் வேலை கிடைத்தது. அதுவும் சேறு தடுக்கும் தகட்டைத் தாங்கும் சிறு சட்டங்கள்தான். தூண்களையும் கூட்டையும் மாமாவே செய்தார். சேசியில் அவரும் வெல்டிங் செய்யவில்லை; ஏற்கெனவே இருந்த தாங்கிகளிலேயே போல்ட்டு போட்டார். சேசியில் வெல்டிங் சூடு பட்ட இடத்தின் தன்மை மாறுகிறது. குறுக்கே போட்ட வரியின் ஓரத்திலிருந்து, மேடுபள்ளத்தில் ஓடி ஓடி, விரிசல் தொடங்கக்கூடும். தேர்ந்த தொழிலாளிக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

தாய்மார்களுக்கும் தந்தையருக்கும்

வீட்டில் வெல்டிங் நடக்கும்போது பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கண். வெல்டிங் சுடரில் சூரிய ஒளியில் உள்ளதுபோன்ற புற ஊதாக் கதிர் வீசுகிறது. பார்த்த உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும்; நீர் வடியும். வேலை செய்பவர் 10 அல்லது 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி உள்ள முகமூடி அணிய வேண்டும். சாதாரண வெயில் கண்ணாடி போதாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை அப்புறப்படுத்தி, தடுப்பு ஒன்று கட்ட வேண்டும். வலி வந்தால் தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவது போன்றவற்றை விட்டுவிட்டு, கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, ஈரம். நம் நாட்டுப் புழுக்கத்தில் சட்டை வியர்வையில் நனைந்துவிடும். நனைந்த உடம்பு மின்சாரத்துக்கு எளிதில் வழிவிடும். உலர்ந்த தோல் கையுறை, உலர்ந்த காலணி, காலடியில் உலர்ந்த பலகை ஆகிய மூன்றும் வேண்டும். மழை தூறினால் வேலையை நிறுத்த வேண்டும்.

மூன்றாவதை மிக முக்கியமாகச் சொல்கிறோம். பெட்ரோல் தொட்டியோ, எண்ணெய் அல்லது மருந்து வந்த பழைய பீப்பாயோ, காலியாக இருக்கிறது என்று நம்பி அதில் நெருப்பு வைக்கக் கூடாது. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் கொடியது. நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால், ஒரு பொறியில் அது வெடிக்கும். காலித் தொட்டியின் மூலையில் தங்கிய சில துளிகளே அந்த ஆவியைத் தரப் போதும். ஜீப்பின் பெட்ரோல் தொட்டி பெரும்பாலும் பின்பக்கத் தளத்தின் அடியில், நாம் வேலை செய்யும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும். வேலை தொடங்குமுன் அதைக் கழற்றி, தூரத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

நான்காவது, நாகம் பூசிய தகரம். அதன்மேல் வெல்டிங் செய்தால் வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல்போல் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

வேலையின் வரிசை

அனுமதி கிடைத்தது, கை பழகியது, பக்கத்தில் அனுபவசாலி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரிசை இதுதான். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் தொட்டி, கண்ணாடி, இருக்கை, கம்பளம், மின்கம்பிகள் யாவற்றையும் அகற்றுங்கள். வெல்டிங் இயந்திரத்தின் தரைக்கவ்வியை வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் சக்கரத்தின் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

அடுத்தது, மாமா கேட்ட கேள்விக்கு விடை. கதவு நிலையின் இரு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து, சுண்ணக்கட்டியால் எழுதி வைக்க வேண்டும். பிறகு கதவு நிலைக்குக் குறுக்கே தற்காலிகமாக இரும்புச் சட்டங்களைப் பொட்டு வைத்து நிறுத்த வேண்டும். கூரையை அறுத்ததும் தூண்கள் சாயப் பார்க்கும். இந்தச் சட்டங்கள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அறுக்கும்போது கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் விட்டு அறுங்கள். மிச்சத்தைப் பிறகு தேய்க்கலாம். குறைந்ததை வளர்க்க முடியாது. இருக்கை வார் மாட்டியிருக்கும் தூணைத் தொடவே கூடாது.

ஓட்டுநர் அறைக்குப் பின்சுவர் வைக்கும்போது, சதுரக் குழாயில் சட்டம் செய்து, பொட்டு வைத்து, கதவு மூடுகிறதா என்று பார்த்தபின்பே முழு வெல்டிங் செய்ய வேண்டும். இரும்பு சூட்டில் நீளும் என்பது பள்ளிப் பாடம். ஒரு மீட்டர் எஃகு 100 பாகை சூடேறினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். ஒரே மூச்சில் நீள வரி போட்டால் மெல்லிய தகடு அலை அலையாக நெளிந்துவிடும். ஆகவே இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வண்டித் தகட்டில் சாதாரணக் கம்பி ஓட்டை போட்டுவிடும்; அதற்கு வாயுக் காப்புடன் மெல்லிய கம்பிச்சுருள் ஊட்டும் மிக் இயந்திரமே ஏற்றது. முடிந்தபின் இடுக்குகளை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் மட்டுமல்ல, புகைக்குழாயின் நச்சுப் புகையும் அறைக்குள் வரும்.

எவ்வளவு ஏற்றலாம்?

பின்பெட்டிக்குத் தடித்த தகடு போட்டால் பலம் என்று எண்ணுவது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிப்புக்கும் ஏறத்தாழ 8 கிலோ எடை. ஒன்றரை மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் அகலமும் உள்ள தளத்துக்கு 3 மில்லிமீட்டர் தகடு போட்டால் 50 கிலோ. 6 மில்லிமீட்டர் போட்டால் 100 கிலோ. சாமான் ஏற்றுமுன்பே ஓர் ஆள் கூடுதலாக ஏறிவிட்டான்!

வண்டி பிக்கப் ஆனதால் அதன் பலம் கூடிவிடவில்லை. வில் தகடும் பிரேக்கும் பழையவையே. ஏழு பேர் ஏறும் வண்டி என்றால், ஆளுக்கு 70 கிலோ வீதம் 490 கிலோ. ஓட்டுநர் போக மீதி 420 கிலோ. செம்பனைக் குலை ஒன்று 20 கிலோ என்றால் 21 குலைகள்தான். ஆட்கள் வண்டி முழுவதும் பரவி அமர்வார்கள். குலைகளோ பின்சக்கரத்தின்மேல் குவியும். பின்புறம் அதிகம் அழுந்தினால் முன்சக்கரம் இலேசாகி, திருப்புவது கடினமாகும். ஆகவே இந்தக் கணக்கு ஒரு மதிப்பீடே. வண்டித் தயாரிப்பாளர் குறித்த எடைதான் முடிவான எல்லை.

பின்பெட்டி சாமான்களுக்காக மட்டுமே. கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அதில் ஏற்றிச் செல்லும் ஆசை வரும். இருக்கையும் இல்லை, வாரும் இல்லை. கவிழ்ந்தால் காக்கக் கூரையும் இல்லை. அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கைக்கு ஒரு சான்று

ஒரு பழைய ஜீப் பிக்கப்பாக மாறுவதால் குடும்பத்துக்கு ஒரு வண்டி கிடைக்கிறது. வெல்டிங்கை முறையாகக் கற்பதால் வாழ்நாள் முழுவதற்கும் ஒரு தொழில் கிடைக்கிறது. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழிற்பயிற்சிக் கழகங்களில் வெல்டிங் பயிற்சி உண்டு. அங்கே பெறும் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., ஒன்று முதல் மூன்று நிலைகள் கொண்டது; நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இவற்றுக்கு அடிப்படை. பெண் பிள்ளைகளும் இத்தொழிலைக் கற்கலாம். நிதானமான கையும் கூர்மையான கண்ணுமே இதற்கு வேண்டும்.

அந்தப் பிட்டர் மாமாவைப்போல், இருபது ஆண்டுகள் பட்டறையில் வேலை செய்தும் ஒரு காகிதம்கூட இல்லாதவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கும் வழி இருக்கிறது. முன் அனுபவத்தை மதிப்பிட்டு அதே எஸ்.கே.எம். சான்றிதழை வழங்கும் முறை ஒன்று உண்டு; பி.பி.தி. என்பார்கள். செய்த வேலைகளுக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டில் தேற வேண்டும். தோட்ட வேலை நின்றுபோனால், வெளியே ஒரு பட்டறையில் வேலை கேட்டுப் போகும் அன்று அந்தக் காகிதம் பேசும்.

பெற்றோர்களே, உங்கள் மகன் அல்லது மகள் பழைய இரும்புத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். இளைஞர்களே, முதல் வரியைப் பழைய துண்டில் போடுங்கள். அதை உடைத்துப் பாருங்கள். உடையாத நாள் வரும்வரை ஜீப் மரத்தடியில் காத்திருக்கட்டும்.